கைவினைக்குத் துண்டுத்துணி: இலவசமாகவும் மலிவாகவும் பெறுவது எப்படி? – வண்டூர் முதல் திருப்பூர் வரை ஒரு வழிகாட்டி

வண்டூர்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேயர்) சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வண்டூர், மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயிலாகும். 1983-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இப்பூங்கா 15 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைக் கடலையும் உள்ளடக்கியது. பூங்காவிலுள்ள ஜாலிபாய் தீவுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் பிளாஸ்டிக் பைகளை உடன் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. மாற்றாகக் கையில் இருக்க வேண்டியது ஒரு துணிப்பை.

ஆனால் அந்தத் துணிப்பைக்கான துணி தீவில் விளைவதோ நெய்யப்படுவதோ இல்லை. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பொருட்களில் அதுவும் ஒன்று. எனவே புதுத் துணியின் விலையில் கடல் வழிச் செலவும் சேர்ந்தே இருக்கிறது. அதே வேளையில், கப்பலில் வந்த துணியின் ஒரு பகுதி தையல் கடைகளின் மேசைக்கடியில் துண்டுகளாகச் சேர்ந்து, குப்பையாக வெளியேறுகிறது. அவ்வாறு வெளியேறும் துணி தீவை விட்டுச் செல்வதில்லை. அது அங்கேயே எரிக்கப்படுகிறது, புதைக்கப்படுகிறது, அல்லது மழைநீரோடு கடலைச் சென்றடைகிறது.

பை, மிதியடி, பொம்மை, ஒட்டுப் போர்வை போன்ற கைவினைப் பொருட்களைச் செய்ய விரும்புவோருக்கு இந்தத் துண்டுத்துணியே முதல் மூலப்பொருள். அதை எங்கே பெறலாம், எப்படிக் கேட்கலாம், எதை ஏற்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

துணி எவ்வாறு மிச்சமாகிறது?

துணி நீண்ட செவ்வக வடிவில் நெய்யப்படுகிறது. கழுத்து, கை, அக்குள் ஆகிய பகுதிகளோ வளைவானவை. செவ்வகத்திலிருந்து வளைவுகளை வெட்டி எடுக்கும்போது இடையே மிஞ்சுவதே வெட்டுத்துணி. ஆடைத் தொழிற்சாலைகளில் இவ்வாறு மிஞ்சும் துணி, வெட்டப்படும் துணியில் 15 சதவீதம் வரை இருக்கலாம் எனத் துறை வல்லுநர்கள் மதிப்பிடுகின்றனர். ஒரே அளவுச் சட்டைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி வெட்டும் தொழிற்சாலையில் மிச்சத்தைக் குறைக்கக் கணினி வழி வரைபடங்கள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவில் வெட்டும் சிறு தையல் கடையில் அந்த வசதி இல்லை.

ஃபேஷன் ஃபார் குட் என்ற அமைப்பு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேர்கிறது. இது உலக ஜவுளிக் கழிவில் 8.5 சதவீதமாகும். இதில் 42 சதவீதம் நூற்பு, நெசவு, தையல் ஆகிய கட்டங்களில், அதாவது ஆடை வாடிக்கையாளரைச் சென்றடைவதற்கு முன்பே உருவாவது. பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி, வீடுகளில் பயன்படுத்திக் கழிக்கப்படும் துணியாகும்.

இந்த இரண்டு பிரிவுகளையும் பிரித்து அறிவது கைவினைஞருக்குப் பயன்தரும். முதல் பிரிவு புதிய துணி. வலுவானது, ஆனால் சிறு துண்டுகளாகக் கிடைக்கும். இரண்டாம் பிரிவு பழைய துணி. பெரிய பரப்பில் கிடைக்கும், ஆனால் இழை நைந்திருக்கக்கூடும். பைக்கும் மிதியடிக்கும் முன்னது ஏற்றது. போர்வை, உள்துணி, பொம்மையின் நிரப்பு ஆகியவற்றுக்குப் பின்னது போதுமானது.

2004 கற்பித்த இரு பாடங்கள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஏற்பட்ட ஆழிப்பேரலை, அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் தமிழகக் கடலோரத்தையும் ஒரே நாளில் தாக்கியது. தெற்கு அந்தமானின் தாழ்வான நிலங்களில் கடல்நீர் புகுந்தது. வண்டூர் கடற்கரையும் அதற்குத் தப்பவில்லை. அந்தப் பேரிடரையொட்டித் துணி தொடர்பாக நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இன்றும் நினைவுகூரத்தக்கவை.

முதலாவது, நிவாரணமாக வந்த பழைய துணிகள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தமிழகக் கடலோரத்துக்கு லாரி லாரியாகத் துணிகள் வந்து சேர்ந்தன. தரம் பிரிக்காமல், பெறுவோரின் தேவை அறியாமல் அனுப்பப்பட்டதால் அவற்றில் பெரும்பகுதி யாராலும் உடுத்தப்படாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கூஞ்ச் தன்னார்வ அமைப்பு, அவ்வாறு கிடந்த துணிகளைத் தரம்பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டது. பருத்தித் துணிகளைத் தூய்மைப்படுத்தி மாதவிடாய் அணையாடைகளாக மாற்றும் பணியையும் இந்த அமைப்பு மேற்கொண்டு வருகிறது. இதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

இரண்டாவது, புதுச்சேரி அருகேயுள்ள ஆரோவில்லில் பிறந்த 'சுனாமிகா' பொம்மை. உமா பிரஜாபதி நிறுவிய உபாசனா வடிவமைப்பு நிறுவனம், தனது தையலகத்தில் மிஞ்சிய துண்டுத்துணியைக் கொண்டு, விரலளவே உள்ள சிறு பொம்மைகளைச் செய்ய அருகிலிருந்த மீனவக் கிராமங்களின் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. இந்தப் பொம்மைகள் விற்கப்படவில்லை, அன்பளிப்பாக வழங்கப்பட்டன. பெற்றவர்கள் விரும்பி அளித்த நன்கொடையிலிருந்து பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. லட்சக்கணக்கான சுனாமிகா பொம்மைகள் பல நாடுகளுக்குச் சென்றடைந்தன.

இரண்டு நிகழ்வுகளிலும் மூலப்பொருள் இலவசத் துணியே. முதல் நிகழ்வில் அது சுமையானது, இரண்டாவதில் வாழ்வாதாரமானது. எந்தத் துணி, என்ன அளவு, எதற்காக என்ற மூன்றும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்ததே வேறுபாடு. துண்டுத்துணி தேடிப் புறப்படும் எவரும் முதலில் தீர்மானிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

இலவசமாகக் கிடைக்கும் இடங்கள்

*சொந்த வீடு:* வெளியே தேடுவதற்கு முன் வீட்டு அலமாரியைப் பார்ப்பது நல்லது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய பருத்திச் சேலையில் முந்தானையும் கொசுவப் பகுதியும் நைந்திருந்தாலும், மற்ற பகுதியிலிருந்து நடுத்தர அளவில் பத்துப் பைகள் வரை வெட்டலாம். வலுவுக்காக இரட்டை மடிப்பாகத் தைத்தால் ஐந்து பைகள் கிடைக்கும். வேட்டி, லுங்கி, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சிறியதாகிவிட்ட பள்ளிச் சீருடை ஆகியவையும் இவ்வாறே பயன்படும். தமிழகத் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்த வணிகத்தை அறிந்தவர்களுக்கு, பழைய துணிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது புதிய செய்தியல்ல.

*தையல் கடைகள்:* துண்டுத்துணி தொடர்ந்து கிடைக்கும் இடம் இதுவே. ரவிக்கை, சுடிதார் தைக்கும் கடைகளில் நிறமும் அச்சும் மிகுந்த சிறு துண்டுகள் சேரும். சட்டை, கால்சட்டை தைக்கும் கடைகளில் தடித்த, ஒரே நிறத் துண்டுகள் சேரும். திரைச்சீலை, சோபா உறை தைப்போரிடம் பைக்கு மிகவும் ஏற்ற கெட்டித் துணி கிடைக்கும். பெரும்பாலான கடைகளுக்கு இது அப்புறப்படுத்த வேண்டிய கழிவு என்பதால் விலை கேட்கும் வழக்கம் அரிது.

*துணிக்கடைகள்:* துணிச் சுருளின் கடைசியில் மிஞ்சும் அரை மீட்டர், கால் மீட்டர் துண்டுகள், மாதிரிக்காக வைத்திருந்து பருவம் முடிந்ததும் கழிக்கப்படும் துணி அட்டைகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். சோபா, திரைச்சீலைக் கடைகளின் மாதிரிப் புத்தகங்களில் ஒரே அளவில் வெட்டப்பட்ட பல வண்ணச் சதுரங்கள் இருப்பதால், ஒட்டு வேலைக்கு மீண்டும் வெட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை.

*விடுதிகள்:* வண்டூர் போன்ற சுற்றுலாப் பகுதிகளில் இது ஒரு தனி வாய்ப்பு. கறை படிந்த அல்லது ஓரம் கிழிந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, குளியல் துண்டு ஆகியவற்றை விடுதிகள் காலமுறையில் கழிக்கின்றன. ஒரே நிறத்தில், ஒரே தரத்தில், பெரிய பரப்பில் கிடைக்கும் இத்துணி, சாயமேற்றுவதற்கும் பையின் உள்துணிக்கும் சிறந்தது. மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்பதும், சுய உதவிக் குழுவின் பெயரில் கேட்பதும் கூடுதல் பலன் தரும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

தையல் கடைகளில் வேலை மிகும் காலமே துண்டுத்துணி மிகும் காலம். தமிழகத்தில் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முந்தைய வாரங்களும் அத்தகையவை. வங்காள மொழி பேசுவோர் மிகுந்த அந்தமானில் துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாரங்களில் தையல்காரருக்குப் பேச நேரம் இருக்காது. எனவே அதற்கு முன்பே சென்று கேட்டு வைப்பது முறையாகும்.

அந்தமானில் மொழியும் கவனிக்க வேண்டிய ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளில் சுமார் 28 சதவீதத்தினர் வங்காளத்தையும், 19 சதவீதத்தினர் இந்தியையும், 15 சதவீதத்தினர் தமிழையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பொது இடங்களில் இந்தியே இணைப்பு மொழியாக வழங்குகிறது. வெட்டுத்துணியை இந்தியில் 'கத்ரன்' என்பர். தமிழ் பேசும் கடைகளில் 'வெட்டுத்துணி', 'பிட்டுத்துணி' என்றால் புரியும். 'வேஸ்ட் துணி' என்று மட்டும் கேட்டால், எந்திரம் துடைக்கும் எண்ணெய்த் துணியைச் சேர்த்துக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு.

கேட்கும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது பலன் தரும்:

• காலிப் பை அல்லது சாக்கு ஒன்றைக் கடையில் கொடுத்து வைத்து, வெட்டும் மேசைக்கு அருகே தொங்கவிடச் சொல்லலாம். தரையில் விழுந்து நூல், ஊசி, தூசியோடு கலப்பது இதனால் தவிர்க்கப்படும்.

• எடுத்துச் செல்ல ஒரு நாளைக் குறிப்பிட்டு, தவறாமல் அந்த நாளில் செல்ல வேண்டும். இருமுறை தவறினால் பை குப்பைக்குச் சென்றுவிடும்.

• நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றைக் கடையிலேயே விட்டு வருவது நல்லதன்று. முழுவதையும் எடுத்து வந்து வீட்டில் பிரிப்பதே கடைக்காரருக்கு உதவி.

• வாடிக்கையாளர் கொடுத்த துணியின் மிச்சம் வாடிக்கையாளருக்கே உரியது. சிலர் அதைத் திரும்பக் கேட்பதுண்டு. எனவே பெரிய துண்டுகளைத் தையல்காரர் தாமாகக் கொடுத்தால் அன்றி வலியுறுத்திக் கேட்கக் கூடாது.

• அந்தத் துணியில் செய்த முதல் பொருளை, ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தையாக இருப்பினும், கடைக்காரருக்குக் கொடுப்பது உறவை நீடிக்கச் செய்யும்.

மலிவாக வாங்கும் சந்தைகள்

இலவசத் துண்டுகள் போதாத நிலையில், அல்லது ஒரே நிறத்தில் அதிக அளவு தேவைப்படும் நிலையில், எடைக்கு வாங்குவது அடுத்த வழியாகும்.

ஸ்ரீ விஜயபுரத்தில் அபர்தீன் பஜார் முதன்மை வணிகப் பகுதியாகும். வண்டூர் பகுதி மக்களுக்கு அருகிலுள்ள பெரிய துணிச் சந்தையும் இதுவே. சுருள் முடிவுத் துண்டுகளையும் கட்பீஸ் துணிகளையும் இங்குள்ள கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

கப்பலில் சென்னை வந்து செல்வோருக்கு, துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் பகுதி வசதியானது. அங்குள்ள கோடவுன் தெரு, பல தலைமுறைகளாக மொத்தத் துணி வணிகத்துக்குப் பெயர்பெற்றது. சௌகார்பேட்டையில் சரிகை, ஓரப்பட்டை, பொத்தான் போன்ற துணைப் பொருட்கள் மலிவாகக் கிடைக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையும் துணிக்கடைகள் நிறைந்த பகுதியாகும்.

பின்னலாடைத் துணிக்குத் திருப்பூர் முதன்மையானது. ஏற்றுமதி நிறுவனங்களின் வெட்டுத்துணி அங்கு 'பனியன் வேஸ்ட்', 'கட்டிங் வேஸ்ட்' என்ற பெயர்களில் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. நிறம் பிரித்த துணிக்கு ஒரு விலையும், கலப்புத் துணிக்கு அதைவிடக் குறைந்த விலையும் இருக்கும். வெள்ளைத் துணி நூற்பாலைகளின் மறுசுழற்சிக்கும் எந்திரம் துடைக்கவும் தேவைப்படுவதால் அதன் விலை கூடுதலாக இருப்பது வழக்கம். காதர்பேட்டை பகுதியில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகள் விற்கப்படுகின்றன. ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையும், வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற கரூரும் நெய்த துணியை நாடுவோருக்கு ஏற்றவை.

வெளியூரிலிருந்து தீவுக்கு வரவழைப்போர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எடைக்கு வாங்கும் கலப்புத் துணி மூட்டையில் பயன்படாத துணுக்குகளும் இருக்கும். அவற்றுக்கும் சேர்த்தே சரக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். மேலும், பயன்படாத பகுதி தீவிலேயே கழிவாகத் தங்கிவிடும். ஆகவே தீவுக்கு அனுப்பச் சொல்லும்போது நிறமும் அளவும் பிரித்த மூட்டையைக் கேட்பதே, விலை சற்றுக் கூடுதலாயினும், இறுதியில் மலிவானது. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: பின்னலாடையா அல்லது நெய்த துணியா, பருத்தியா அல்லது கலப்பா, துண்டுகளின் சராசரி அளவு என்ன, எண்ணெய்க் கறை உண்டா.

பருத்தியா, பாலியஸ்டரா? கண்டறியும் முறை

தையல் கடையில் கிடைக்கும் துண்டில் இழையின் பெயர் எழுதப்பட்டிருக்காது. கையில் கசக்கி விட்டால் மடிப்பு நிலைத்து நின்றால் பருத்தியாகவும், உடனே விரிந்து கொடுத்தால் பாலியஸ்டர் கலப்பாகவும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரு சொட்டு நீரைப் பருத்தி விரைவாக உறிஞ்சும். பாலியஸ்டரில் நீர் சற்று நேரம் முத்தாக நிற்கும். ஆனால் கஞ்சி அல்லது பூச்சு உள்ள புதுத் துணியில் இந்தச் சோதனை பிழைபடலாம்.

உறுதி செய்ய எரிப்புச் சோதனை உதவும். சில நூலிழைகளை மட்டும் உருவி, இடுக்கியால் பிடித்து, நீர் நிரம்பிய தட்டின் மேல் வைத்துக் கொளுத்த வேண்டும். காகிதம் எரியும் மணத்துடன் மென்மையான சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக மாறினால் பாலியஸ்டர் அல்லது நைலான். முடி கருகும் மணம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. இந்தச் சோதனையைப் பெரியவர்கள் மட்டுமே, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

இழையை அறிவது தையலின் தரத்துக்காக மட்டுமன்று. பருத்தியும் பாலியஸ்டரும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், இரண்டையும் அருகருகே ஒட்டிய பை முதல் சலவையிலேயே கோணிவிடும். இஸ்திரிப் பெட்டியின் பருத்திக்குரிய சூட்டில் பாலியஸ்டர் உருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலியஸ்டரும் ஒரு பிளாஸ்டிக்கே ஆகும். ஒவ்வொரு சலவையிலும் அதிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் நீருடன் கலந்து கடலைச் சேர்கின்றன. பவளப்பாறைக் கடலின் கரையில் வாழ்வோர், அடிக்கடி துவைக்க வேண்டிய பொருட்களுக்குப் பருத்தியையும், அரிதாகத் துவைக்கும் பொருட்களுக்கு மட்டும் பாலியஸ்டரையும் பயன்படுத்துவது பொருத்தமாகும்.

துவைத்தலும் பாதுகாத்தலும்

சிறு துண்டுகளை அப்படியே துவைத்தால் ஓர நூல்கள் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பழைய தலையணை உறைக்குள் இட்டு வாயைக் கட்டித் துவைப்பது எளிய தீர்வு. சாயம் போகுமா என அறிய, துண்டை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் அழுத்திப் பார்க்கலாம். சாயம் ஒட்டினால் அடர்நிறத் துண்டுகளைத் தனியே துவைக்க வேண்டும்.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் ஈரப்பதமே துணியின் முதல் எதிரி. இரு பருவமழைகளும் பெய்வதால் மே முதல் டிசம்பர் வரை மழைக்காலம் நீள்கிறது. அந்த மாதங்களில் சேர்த்த துணியைப் பாலித்தீன் பையில் அடைத்து வைத்தால் பூசணம் பிடிக்கும். நன்கு உலர்ந்த பின் காற்றுப் புகும் துணிப்பையிலோ கூடையிலோ, தரையில் படாமல் வைக்க வேண்டும். இடையே உலர்ந்த வேப்பிலை அல்லது வசம்பு வைப்பது பூச்சிகளைத் தடுக்கும். பெருமளவு துவைத்து உலர்த்தும் வேலையை வெயில் மிகுந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களுக்கு ஒதுக்கலாம்.

எந்தத் துண்டில் எதைச் செய்யலாம்?

*உள்ளங்கை அளவு நெய்த துண்டு:* ஒட்டு வேலைப் பை. அட்டையில் 11.5 செ.மீ. சதுரம் வெட்டி அச்சாகக் கொண்டால், தையல் ஓரம் போகப் பத்து செ.மீ. சதுரம் கிடைக்கும். குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு என 12 சதுரங்களை இணைத்தால் 30-க்கு 40 செ.மீ. அளவில் பையின் ஒரு பக்கம் தயாராகும். இரு பக்கங்களுக்கு 24 சதுரங்கள் தேவை. உட்புறம் பழைய படுக்கை விரிப்பை வைத்துத் தைத்தால் தையல் பிரியாது.

*பின்னலாடைத் துண்டு:* மிதியடி. பழைய பனியன் அல்லது டி-ஷர்ட்டின் அக்குளுக்குக் கீழுள்ள பகுதியை இரண்டு செ.மீ. அகலத்தில் சுருளாக வெட்டி இழுத்தால், ஓரம் சுருண்டு தடித்த நூல் போலாகும். மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி தயார்.

*விரலளவுத் துண்டு:* சுனாமிகா போன்ற சிறு பொம்மை, சாவிக்கொத்து அணி. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையில் பொத்தான், மணி போன்றவற்றைத் தைக்கக் கூடாது.

*துணுக்கு:* தைக்கவே இயலாத துணுக்குகளை மேலும் பொடியாக வெட்டி, தலையணை, ஊசி மெத்தை ஆகியவற்றின் நிரப்பாகப் பயன்படுத்தலாம்.

ஒட்டுத்துணிக் கலை இந்தியாவுக்குப் புதியதன்று. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிடும் வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, கர்நாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்களின் கவந்தி ஆகிய போர்வைகள் அனைத்தும் கழித்த துணியிலிருந்து பிறந்தவை. தமிழகத்தில் தஞ்சைப் பகுதியின் தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் ஒரு துணியின் மேல் மற்றொரு துணியை வெட்டி ஒட்டும் அதே நுட்பத்தால் ஆனவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடைகளில் தைத்த போர்வைகள், இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன.

வருமானத்துக்கு வழி உண்டா?

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குறிப்பிட்ட பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டன. 120 மைக்ரானுக்குக் குறைவான தடிமன் கொண்ட பிளாஸ்டிக் பைகளுக்கான தடை அதே ஆண்டு டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி, பத்து ரூபாய்க்குத் துணிப்பை வழங்கும் தானியங்கி இயந்திரங்களையும் நிறுவியது. எளிய துணிப்பையின் விலைக்கு இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். துணி இலவசமாகக் கிடைத்தாலும் நூலும் உழைப்பும் இலவசமல்ல. ஆகவே, விலையில் இயந்திரத்துடன் போட்டியிடுவதைவிட, ஒவ்வொன்றும் வேறுபட்ட ஒட்டு வேலைப் பை என்ற தனித்தன்மையை முன்வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பது நடைமுறைக்கு உகந்தது.

தையல் தொழிலாளர்களும் பொம்மை செய்வோரும் மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் அடங்குவர். 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை மானியம், ஐந்து சதவீத வட்டியில் இரு தவணைகளாக மொத்தம் மூன்று லட்சம் ரூபாய் வரை பிணையற்ற கடன் ஆகியவை வழங்கப்படுகின்றன. 18 வயது நிறைந்த, சுயதொழிலாக இத்தொழிலைச் செய்வோர் பொதுச் சேவை மையங்கள் வாயிலாக விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே பயன் உண்டு.

தவிர்க்க வேண்டியவை

எண்ணெய், பெயின்ட் படிந்த துணி, மருத்துவமனையிலிருந்து கழிக்கப்பட்ட துணி, குப்பைத் தொட்டியில் கிடந்த துணி ஆகியவை இலவசமாயினும் ஏற்கத்தக்கவை அல்ல. பூசணத்தின் கரும்புள்ளி ஆழமாகப் படிந்த துணி துவைத்தாலும் மீளாது. ஒரு துண்டு, மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும். பாலியஸ்டர் துணுக்குகளை எரிப்பது நச்சுப் புகையை உண்டாக்கும். அவற்றை நிரப்பாகப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. பருத்தித் துணுக்குகளில் பிளாஸ்டிக் நூலும் அச்சும் இல்லையெனில், பொடியாக வெட்டி உரக்குழியில் இடலாம்.

இறுதியாக, அளவு. இலவசம் என்பதற்காக வீட்டில் மூட்டைகளை அடுக்குவது, தையல் கடையின் குப்பையைத் தன் வீட்டுக்கு மாற்றுவதே ஆகும். ஒரு மாதத்தில் தைத்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் எடுத்து, மிஞ்சினால் அருகிலுள்ள பள்ளிக்கோ சுய உதவிக் குழுவுக்கோ பிரித்துக் கொடுப்பது நல்லது. புதிதாகத் தொடங்குவோர் ஒரே ஒரு தையல் கடை, ஒரே ஒரு பை, 24 சதுரங்கள் என்ற அளவில் தொடங்கலாம். அந்தப் பை நிறைவுறும்போது, அடுத்து எந்த வகைத் துணியை எவ்வளவு கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.